ஒருத்தரைக் கூப்பிட்டால் ஊரே வரும்

உங்களுக்கு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். தெரியாது என்றாலும் குடி ஒன்றும் முழுகிவிடாது. பத்து நிமிஷத்துக்குத் தெரிந்த மாதிரி இருங்கள், போதும்.

தினமும் நீங்கள் உபயோகிக்கிற ஒரு சாஃப்ட்வேரில் சின்னதாக ஒரு கோளாறு. தேதியைத் தப்பாகக் காட்டுகிறது. நல்லவேளையாக அது ஓப்பன் சோர்ஸ் சமாசாரம். அதாவது, எழுதியவர்கள் தங்கள் நிரலை ஒளித்து வைக்காமல் ஊர் பார்க்கத் திறந்து போட்டிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை ‘இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சார்’ என்று திருப்பி அனுப்பலாம். நாமே சரிபண்ணினால் என்ன என்று உங்களுக்குத் தோன்றுகிறது. ராத்திரி சாப்பாட்டை முடித்துவிட்டு உட்காருகிறீர்கள். நிரல் மொத்தமும் உங்கள் லேப்டாப்புக்கு வந்தாயிற்று. தப்பு எங்கே என்று தேடிப் பிடித்தும் விட்டீர்கள். ஒரே ஒரு வரி!

மாற்றிவிட்டீர்கள். மாற்றியது சரிதானா? அதைப் பார்க்க வேண்டுமானால் அந்த சாஃப்ட்வேர் உங்கள் மெஷினில் ஓட வேண்டும். இங்கேதான் வந்து நிற்கிறது வினை. கூட வந்த குறிப்பைத் திறந்தால் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறது: ‘முதலில் டிபென்டென்ஸிகளை இன்ஸ்டால் செய்துகொள்ளவும்.’

டிபென்டென்ஸி என்றால் சார்பு. எந்த சாஃப்ட்வேரும் தன் சொந்தக் காலில் மட்டும் நிற்பதில்லை. தேதியைக் கணக்குப் போட ஒருவர் எழுதியது, படத்தைச் சுருக்க இன்னொருவர் எழுதியது, பாஸ்வேர்டைப் பூட்டிவைக்க மூன்றாமவர் எழுதியது என்று யார் யாரோ ஏற்கெனவே செய்துவைத்ததை அடுக்கித்தான் புதியது எழும்புகிறது. அந்த யாரோ எழுதியதும் வேறு யாரோ எழுதியதன் மேல்தான் நிற்கும். கல்யாணத்துக்கு சம்பந்தி வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டால் அவருடைய மச்சினர், மச்சினரின் சகலை, சகலையின் பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லாரும் வேனில் வந்து இறங்குவார்களே, அதே கதை.

இன்றைக்கு இதற்கு ஒற்றை வரிக் கட்டளை இருக்கிறது. ‘என்பிஎம் இன்ஸ்டால்’ என்றோ ‘பிப் இன்ஸ்டால்’ என்றோ தட்டினால் போதும், எங்கிருந்தோ நூற்றுக்கணக்கான பேக்கேஜுகள் சரசரவென்று வந்து இறங்கும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஐந்து நிமிஷ வேலை. நடக்காவிட்டால்? திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. ஏதோ ஒன்று கிடைக்கவில்லை, ஏதோ ஒன்றின் பதிப்பு எண் ஒத்துப்போகவில்லை. பன்னிரண்டு மணி வரை மல்லுக்கட்டிவிட்டு, லேப்டாப்பை மூடிவைத்துவிட்டுப் படுக்கப் போகிறீர்கள். திருத்திய அந்த ஒரு வரி அதற்குள்ளேயே கிடக்கிறது.

இதில் கொடுமை என்னவென்றால், இப்படித் திரும்பிப் போனவர் ஒருவர் இருந்தார் என்பதே அந்தத் திட்டத்தை நடத்துகிறவர்களுக்குத் தெரியாது. அவர் புகார்கூடக் கொடுக்க மாட்டார். ‘நமக்குத்தான் மூளை போதவில்லை’ என்று நினைத்துக்கொள்வார்.

வாசலில் இருக்கிற இந்த முதல் படியைக் கொஞ்சம் தாழ்வாக்க அரை நூற்றாண்டாகச் சிலர் பாடுபட்டிருக்கிறார்கள். அவர்களுடைய கதைதான் இது. படி தாழ்ந்த பிறகு யார் யாரெல்லாம் உள்ளே வந்தார்கள் என்பதும் இதே கதையில்தான் வருகிறது.

1968 அக்டோபர். மேற்கு ஜெர்மனியில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் கார்மிஷ் என்று ஒரு ஊர். நேட்டோவின் அறிவியல் குழு அங்கே ஒரு மாநாடு கூட்டியது. நேட்டோ என்றதும் பீரங்கி, ஏவுகணை என்று யோசிக்காதீர்கள். சாஃப்ட்வேர் எழுத ஏன் இத்தனை நாளாகிறது, ஏன் இத்தனை செலவாகிறது, எழுதிய பிறகும் ஏன் ஒழுங்காக ஓடமாட்டேன் என்கிறது? இதுதான் பேச்சு.

அமெரிக்காவின் பெல் லேப்ஸிலிருந்து வந்திருந்த டக்ளஸ் மெக்கில்ராய் எழுந்து ஒரு யோசனை சொன்னார். ரேடியோ செய்கிறவர் டிரான்சிஸ்டரைத் தானே உட்கார்ந்து செய்வதில்லை, கேட்டலாகைப் பார்த்து வாங்கிப் பொருத்துகிறார். நாம் மட்டும் ஏன் ஒவ்வொரு தடவையும் ஆணியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் நாமே செய்கிறோம்? சாஃப்ட்வேருக்கும் உதிரி பாகங்கள் வேண்டும். சைன் கணக்குப் போடும் நிரல் வேண்டுமா, இத்தனை துல்லியம், இத்தனை வேகம் என்று பார்த்துப் பொறுக்கி எடுத்துக்கொள்கிற மாதிரி இருக்க வேண்டும்.

பிரமாதமான கனவு. பலிக்கவும் செய்தது. ஆனால், அவர் மனசில் இருந்தது பாகங்களைச் செய்து விற்கிற ஒரு தொழில். முப்பது வருஷம் கழித்து வந்ததோ அன்னதானம்! விலை கிடையாது, ரசீது கிடையாது, சமைத்தவர் யார் என்றும் பல பேருக்குத் தெரியாது.

அதற்கு முன்னால் அதே பெல் லேப்ஸில் நடந்த இன்னொரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். 1976. ஸ்டீவ் ஜான்சன் என்கிற கில்லாடி ஒருவர், தலைவிதியை நொந்துகொண்டே ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் என்பவரின் அறைக்கு வந்தார். காலைப்பொழுது முழுக்க ஒரு புரோகிராமில் தப்பைத் தேடித் தேடி அலுத்துப் போயிருந்தார். கடைசியில் பார்த்தால், அந்தத் தப்பை அவர் ஏற்கெனவே திருத்திவிட்டிருக்கிறார். திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்யத்தான் மறந்துவிட்டது. ஓடிக்கொண்டிருந்தது பழைய சரக்கு. வேடிக்கை என்னவென்றால் ஃபெல்ட்மேனும் முந்தின நாள் சாயங்காலம் இதே மாதிரி கஷ்டப்பட்டிருக்கிறார்.

எது எதைச் சார்ந்திருக்கிறது என்று ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டால், எது மாறியதோ அதையும் அதைச் சார்ந்தவற்றையும் மட்டும் கம்ப்யூட்டரே புதுப்பித்துக்கொள்ளாதா? அந்த வாரக் கடைசியிலேயே ஃபெல்ட்மேன் ஒரு கருவி எழுதினார். பேர், ‘மேக்’. சார்புகளை எழுதிவைக்கிற பழக்கம் ஊரெல்லாம் பரவியது அதிலிருந்துதான்.

அதில் ஒரு வில்லங்கமும் இருந்தது. கட்டளை வரிகள் ‘டேப்’ என்கிற கண்ணுக்குத் தெரியாத எழுத்தில்தான் தொடங்க வேண்டும். வெறும் இடைவெளி விட்டால் கோபித்துக்கொள்ளும். இது சரியில்லை என்று ஃபெல்ட்மேனுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனால், அதற்குள் ஏறக்குறைய ஒரு டஜன் பேர் அதை உபயோகிக்க ஆரம்பித்திருந்தார்கள். பாவம், அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேருக்காகப் பார்த்த தாட்சண்யம், உலகம் பூரா லட்சக்கணக்கான ஆரம்பக்காரர்களைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறது!

பெல் லேப்ஸுக்குள் எல்லாரிடமும் ஒரே மாதிரி மெஷின். வெளியே அப்படியா? 1980-களில் யூனிக்ஸ் என்ற பேரில் கம்பெனிக்கு ஒரு தினுசு உலவியது. ஒன்றில் இருக்கிற வசதி இன்னொன்றில் இருக்காது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் க்னூ திட்டத்தை அறிவித்துவிட்டு, தன் ஈமாக்ஸ் எடிட்டரை காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நிரல் சுதந்திரமானதுதான், நாடாவுக்கும் தபாலுக்கும் காசு வேண்டாமா? போய்ச் சேருகிற இடத்தில் என்ன மெஷின், அதில் என்னென்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அதற்கொரு வழி 1991-ல் வந்தது. டேவிட் மெக்கென்ஸி உருவாக்கிய ‘ஆட்டோகான்ஃப்’. இதைக் கொண்டு செய்த சாஃப்ட்வேருடன் ‘கன்ஃபிகர்’ என்று ஒரு நிரல் வரும். ஓட்டினால், புது வாடகை வீட்டைச் சுற்றிப் பார்க்கிற மாமியார் மாதிரி உங்கள் மெஷினை ஒரு சுற்று சுற்றி வரும். இது இருக்கிறதா? இருக்கிறது. அது இருக்கிறதா? இருக்கிறது. நூறு கேள்விக்கு ‘யெஸ்’ வந்து, நூற்றியோராவது கேள்விக்கு ‘நோ’ வந்தால் அதோடு சரி.

கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால். இந்த மூன்றும் அன்றைய மந்திரம். நடுவில் ‘நோ’ வந்தால் இல்லாத பொருளைத் தேடி எடுத்து வர வேண்டியது உங்கள் பொறுப்பு. எடுத்து வந்து அதற்கு ஒரு கன்ஃபிகர் போட்டால், அது வேறொன்று இல்லை என்று உதட்டைப் பிதுக்கும். டெலிபோன் வழியாக மோடம் கீச்சிட்டு இணையத்துக்குப் போன காலத்தை நினைத்துப் பாருங்கள். நம் ஊரில் ஒரு கோப்பு இறங்குவதற்குள் வீட்டுக்கு வரும் போன்கால் எல்லாம் எங்கேஜ்டு. இரண்டு மெகாபைட் இறக்குவதே சாதனை. உபுண்டு லினக்ஸ்காரர்கள் 2011 வரை, கேட்டவர்களுக்கெல்லாம் உலகின் எந்த மூலைக்கும் சிடியை இலவசமாகத் தபாலில் அனுப்பிய காரணம் உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். அந்த உறையைப் பிரித்துத்தான் நம்மூரில் பல பேருக்கு லினக்ஸே அறிமுகமானது.

லினக்ஸைச் சொன்னேன் அல்லவா? 1991-ல் ஃபின்லாந்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது அதன் கரு மட்டும்தான். அதைச் சுற்றி ஆயிரம் சாமான் வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி மூட்டையாகத் தருகிற ஆட்கள் கிளம்பினார்கள். 1993-ல் வந்த ஸ்லாக்வேர் முதல் பதிப்பு, 24 ஃப்ளாப்பி! இருபத்துமூன்றாவது ஃப்ளாப்பியில் பூஞ்சை பிடித்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள்.

இந்த மூட்டைகளில் ஒன்றின் பேர் எஸ்.எல்.எஸ். அதன் ஓட்டை உடைசல்களைப் பார்த்து வெறுத்துப்போனார் இயான் மர்டாக் என்ற இருபது வயதுப் பையன். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக மாணவர். நாமே ஒன்று கட்டுவோம், ஆனால் தனியாக வேண்டாம், ஊர் கூடிக் கட்டுவோம் என்று 1993 ஆகஸ்ட்டில் அறிவித்தார். காதலி டெப்ராவின் பேரையும் தன் பேரையும் சேர்த்து டெபியன் என்று வைத்தார். காதலுக்கு நினைவுச்சின்னம் கட்டியவர்கள் பட்டியலில் இவரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

டெபியனில் ஒவ்வொரு சாஃப்ட்வேரும் ஒரு பேக்கேஜ். ஒவ்வொரு பேக்கேஜிலும் ஒரு சீட்டு இருக்கும். நான் இன்னார், எனக்கு இன்னின்னார் கூட இருக்க வேண்டும், இன்னார் இருந்தால் எனக்கு ஆகாது! அந்தச் சீட்டைப் படித்து நிறுவுகிற டிபேக்கேஜ் கருவியை 1994-ல் சி மொழியில் திருத்தமாக எழுதியவர் இன்னொரு இயான், இயான் ஜாக்சன். ஆனால், அதற்கும் குறைதான் சொல்லத் தெரியுமே தவிர வாங்கி வரத் தெரியாது. ‘அந்த லைப்ரரி இல்லை’ என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். 1999 மார்ச்சில் வெளிவந்த டெபியன் 2.1-ல் ‘ஆப்ட்’ சேர்ந்த பிறகுதான் பையை எடுத்துக்கொண்டு தானே கடைக்குப் போகிற ஆள் கிடைத்தார். ஒன்றைக் கேட்டால் அதற்கு வேண்டியதையும், அதற்கு வேண்டியதையும் சேர்த்துப் பட்டியல் போட்டு, வாங்கி வந்து, வரிசைப்படி வைத்துவிடுவார்.

இதே சமயத்தில் புரோகிராம் மொழிகளும் தங்களுக்கென்று தனித்தனியாகக் கடை திறந்தன. டெக் என்கிற அச்சுக்கோப்பு சாஃப்ட்வேர்காரர்கள் 1992-ல் சிடான் என்று ஒரு களஞ்சியம் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து 1995-ல் பெர்ல் மொழிக்காரர்கள் சிபான் ஆரம்பித்தார்கள். பைத்தான், ரூபி எல்லாம் பின்னாலேயே வந்தன. மெக்கில்ராயின் கேட்டலாக் வந்தேவிட்டது.

அப்புறம் என்ன, சுபம்தானே? இல்லை. இங்கேதான் குடும்பச் சண்டை ஆரம்பம்.

அந்தக் காலத்தில் ஹார்ட் டிஸ்கும் மெமரியும் தங்கம் விலை. அதனால் ஒரு லைப்ரரியை மெஷினில் ஒரே இடத்தில் வைத்து, எல்லா சாஃப்ட்வேரும் அதையே பகிர்ந்துகொள்வது வழக்கம். சுத்தமான கூட்டுக் குடும்பம். ஒரே அடுப்பு, ஒரே உலை. சிக்கனம்தான். ஆனால், ஆபீஸ் வேலைக்கான பழைய புரோகிராம் லைப்ரரியின் ஒன்றாம் பதிப்பு இருந்தால்தான் ஓடும் என்கிறது. ராத்திரி நீங்கள் உட்கார்ந்து திருத்தப் பார்க்கிற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் இரண்டாம் பதிப்பு வேண்டும் என்கிறது. இரண்டைப் போட்டால் ஆபீஸ் புரோகிராம் படுத்துவிடும். ஒன்றை வைத்திருந்தால் இது எழுந்திருக்காது. லினக்ஸில் இன்னும் மோசம். அதன் சொந்தக் கருவிகள் பலவும் பைத்தானில் எழுதியவை. நீங்கள் பரீட்சார்த்தமாக எதையோ மாற்றப் போக, மெஷினின் ஆதாரக் கருவி ஒன்று மூச்சு பேச்சில்லாமல் போன கதைகள் ஏராளம். விண்டோஸ்காரர்களுக்கும் இதே நரகம் வேறு பேரில் இருந்தது.

கூட்டுக் குடும்பச் சண்டைக்கு நம்மூரில் என்ன தீர்வு? தனிக்குடித்தனம்!

2007-ல் இயான் பிக்கிங் (ஆமாம், மூன்றாவது இயான்!) பைத்தானுக்கு ‘வர்ச்சுவல்என்வ்’ என்று ஒன்றை எழுதினார். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி அறை. அந்த அறைக்குள் எந்தப் பதிப்பை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், பக்கத்து அறைக்குத் தெரியாது. பிடிக்கவில்லையா, அறையையே அழித்துவிட்டு மறுபடி கட்டலாம். அடுத்த வருஷம், கடைக்குப் போய் வருகிற ‘பிப்’பையும் அவரே எழுதினார். ஹார்ட் டிஸ்க் விலை விழுந்திருந்ததால், ஒரே பொருளைப் பத்து அறையில் பத்துப் பிரதி வைத்தாலும் யாரும் கவலைப்படவில்லை. பைத்தான்காரர்கள் 2012-ல் இந்த யோசனையை மொழிக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார்கள். 2023-ல் வந்த டெபியன் 12, பொதுக்கூடத்தில் பிப்பைக் கொண்டு எதையாவது நிறுவப் போனால், ‘தனி அறை எடுத்துக்கொண்டு செய்’ என்று வாசலிலேயே மறித்துவிட்டது. சரியான காரியம் என்றுதான் நான் சொல்வேன். எத்தனை ஆரம்பக்காரர்களின் மெஷின் அதனால் பிழைத்ததோ!

தனி அறை கிடைத்தது. ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது? திட்டத்தை நடத்துகிறவர் ஜனவரியில் வாங்கி வைத்தது ஒரு பதிப்பு. ஜூனில் நீங்கள் போய்க் கேட்டால் கடையில் புதுப் பதிப்பு வந்திருக்கும். அவருக்கு ஓடுகிறது, உங்களுக்கு ஓடவில்லை. ‘என் மெஷினில் நன்றாகத்தானே ஓடுகிறது!’ சாஃப்ட்வேர் உலகத்தில் இதைவிட எரிச்சலூட்டும் பதில் கிடையாது. ரூபிக்காரர்களின் ‘பண்ட்லர்’ 2010-ல் இதற்கு ஒரு பூட்டுக் கோப்பை வைத்தது. எந்தெந்தப் பேக்கேஜில் எந்தெந்தப் பதிப்பு என்று தசம எண் விடாமல் எழுதிப் பூட்டி, நிரலோடு சேர்த்தே கொடுத்துவிடுவது. புதிதாக வருகிறவருக்கும் அச்சு அசலாக அதே சாமான். 2013-ல் வந்த டாக்கர் இன்னும் ஒரு படி மேலே போய், அறையோடு வீட்டையே பெட்டியில் வைத்துத் தந்தது.

தனிக்குடித்தனத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் ஜாவாஸ்கிரிப்ட்காரர்கள். 2009-ல் ரையன் டால் நோட்.ஜேஎஸ் கொண்டுவந்தார். அதற்கு ஐசக் ஷ்லூட்டர் என்பிஎம் எழுதினார். இதில் திட்டத்துக்குத்தான் தனி அறை என்றில்லை, ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் தன் சார்புகளை வைத்துக்கொள்ள உள்ளுக்குள் ஒரு அறை. அதன் சார்புக்கு அதற்குள் ஒரு அறை. ‘நோட் மாட்யூல்ஸ்’ என்கிற அந்த ஃபோல்டர் தோண்டத் தோண்டப் போய்க்கொண்டே இருக்கும். விண்டோஸில் ஒரு கோப்பின் முகவரி 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதி. அதையே தாண்டிவிட்டது! 2015-ல் கொஞ்சம் தட்டையாக்கினார்கள். 2018-ல் பெர்லின் மாநாட்டில் டால், தான் வருந்துகிற விஷயங்கள் என்று ஒரு பட்டியலே வாசித்தார். அதில் நோட் மாட்யூல்ஸுக்கும் இடம் இருந்தது.

வாங்குவது இவ்வளவு சுலபமானால் என்ன ஆகும்? கைப்பிடி உப்புக்கும் கடைக்குப் போவோம். அதுதான் நடந்தது.

‘லெஃப்ட் பேட்’ என்று ஒரு பேக்கேஜ். ஓர் எழுத்துத் தொடருக்கு இடது பக்கம் பூஜ்யமோ இடைவெளியோ சேர்த்து நீளத்தைச் சரிக்கட்டும். 7-ஐக் கொடுத்தால் 007 ஆக்கித் தரும், அவ்வளவுதான். மொத்தம் 11 வரி. எழுதியவர் அசர் கோச்சுலு, கலிஃபோர்னியாவில் இருந்த புரோகிராமர். அவருடைய இன்னொரு பேக்கேஜின் பேர் ‘கிக்’. அதே பேரில் ஒரு மெசேஜிங் கம்பெனி இருந்தது. பேரைக் கொடு என்று கேட்டார்கள், அவர் மறுத்தார். என்பிஎம் கம்பெனி தலையிட்டுப் பேரை அவர்களுக்கு மாற்றிக் கொடுத்தது. மனிதருக்கு வந்ததே கோபம்! அங்கே வைத்திருந்த தன் 273 பேக்கேஜுகளையும் மொத்தமாக வாபஸ் வாங்கிக்கொண்டார். 2016 மார்ச் 22.

அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் மட்டும் சுமார் 25 லட்சம் தடவை இறங்கியிருந்த பேக்கேஜ் அது. இறக்கியவர்களில் பெரும்பாலோருக்கு லெஃப்ட் பேட் என்ற பேரே தெரியாது. பேபல் என்கிற பிரபலமான கருவிக்குள் எங்கோ அடியில், சகலையின் பக்கத்து வீட்டுக்காரராக உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு உலகம் பூரா கட்டளை தட்டியவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: ‘கிடைக்கவில்லை.’ பெரிய பெரிய கம்பெனிகளின் வேலை நின்றுபோனது. நீக்கியதை எழுதியவரின் சம்மதம் இல்லாமலே என்பிஎம் திரும்பக் கொண்டுவந்து வைத்தது. பிற்பாடு, வைத்ததை நினைத்தவுடன் எடுக்க முடியாதபடி விதியையும் மாற்றியது.

அன்று முதன்முதலாக டெக்கி டெக்கியாகப் புதிதாய் வந்தவர் யாராவது அந்தக் கட்டளையைத் தட்டியிருந்தால், நிச்சயம் தன் மூளையைத்தான் திட்டியிருப்பார்.

காணாமல் போனால் குறைந்தபட்சம் தெரிந்துவிடுகிறது. கெட்டுப்போனால்? பேக்கேஜ் வந்து இறங்கும்போதே தன் சொந்தக் கட்டளைகளை உங்கள் மெஷினில் ஓட்டிக்கொள்ள இந்தக் கருவிகள் பலவும் அனுமதித்து வந்திருக்கின்றன. 2018-ல் ‘ஈவென்ட் ஸ்ட்ரீம்’ என்ற பேக்கேஜைப் பராமரிக்க நேரமில்லாமல் இருந்த டொமினிக் டார், ‘நான் பார்த்துக்கொள்கிறேனே’ என்று கேட்டு வந்த முகம் தெரியாத ஒருவரிடம் சாவியைக் கொடுத்தார். வந்தவர் சத்தமில்லாமல் ஒரு புதிய டிபென்டென்ஸியைச் சேர்த்தார். அது ஒரு பிட்காயின் பர்ஸைக் கொள்ளையடிக்க எழுதப்பட்ட நிரல். டாரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காசு வாங்காமல் வருஷக்கணக்காகச் செய்த வேலை. உதவிக்கு ஒரு ஆள் வந்தால் சந்தோஷப்படாமல் என்ன செய்வார்?

இதைவிடப் பெரிய கதை ஒன்று உண்டு. ‘எக்ஸ் ஸெட்’ என்பது கோப்புகளைச் சுருக்குகிற கருவி. ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும். பல வருஷமாகத் தனியாளாக அதைப் பராமரித்து வந்தவர் ஃபின்லாந்தின் லாஸ்ஸே காலின். 2021-ல் ஜியா டான் என்ற பேரில் ஒரு புதுமுகம் வந்தது. நம் கதையின் ஆரம்பத்தில் வந்தீர்களே, உங்களைப் போலவே சின்னச் சின்னத் திருத்தங்கள் அனுப்பியது. நல்ல திருத்தங்கள். இன்னொரு பக்கம் வேறு சில பேர்களில், ‘வேலை ஏன் இவ்வளவு மந்தம், வேறு ஆளிடம் கொடுக்கக்கூடாதா?’ என்று காலினை நச்சரித்தார்கள். தனக்கு நெடுநாளாக மனநலப் பிரச்னை இருக்கிறது, இது சம்பளமில்லாமல் செய்கிற வேலை என்று 2022-ல் அவர் சொல்ல வேண்டியதாயிற்று. கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பு புதியவர் கைக்கு வந்தது. 2024 பிப்ரவரியில் ஜியா டான் வெளியிட்ட 5.6.0 பதிப்புக்குள் ஒரு ரகசியப் பின்வாசல்.

ஒளித்த இடம்தான் சாமர்த்தியம். எல்லாரும் படிக்கிற நிரலில் அது முழுசாக இல்லை. சோதனைக்காக வைத்திருந்த, பார்த்தால் குப்பை மாதிரி தெரிகிற கோப்புகளுக்குள் விஷம். அதை எடுத்துச் சேர்க்கிற கட்டளையோ, வெளியீட்டு மூட்டையில் கன்ஃபிகர் நிரலுக்குள். அதேதான்! 1991-லிருந்து எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிற, யாரும் படித்துப் பார்க்காத கன்ஃபிகர்.

குறி வைத்தது எக்ஸ் ஸெட்டை அல்ல. தூரத்திலிருந்து சர்வர்களுக்குள் நுழைய உலகமே நம்பியிருக்கிற ஓப்பன் எஸ்.எஸ்.ஹெச்-ஐ. அதற்கு எக்ஸ் ஸெட் தேவையே இல்லை. ஆனால், சில லினக்ஸ்காரர்கள் அதோடு சிஸ்டம்டி லைப்ரரியை இணைத்திருந்தார்கள். சிஸ்டம்டி லைப்ரரிக்கு அப்போது எக்ஸ் ஸெட்டின் லைப்ரரி வேண்டியிருந்தது. சம்பந்தி, மச்சினர், சகலை!

ஆன்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற புரோகிராமர் டேட்டாபேஸ் ஒன்றின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். சம்பந்தமே இல்லாமல் எஸ்.எஸ்.ஹெச் லாகின் சுமார் அரை செகண்ட் தாமதமாவது கண்ணில் பட்டது. அரை செகண்ட்! வேறு யாராக இருந்தாலும் காப்பி குடிக்கப் போயிருப்பார்கள். இவர் விடாமல் துருவினார். 2024 மார்ச் 29-ம் தேதி விஷயத்தைப் போட்டு உடைத்தார். அப்போது அந்தப் பதிப்பு பெரும்பாலும் சோதனைக்கட்ட லினக்ஸ்களுக்கு மட்டும்தான் போயிருந்தது. இன்னும் சில மாதம் போயிருந்தால் உலகத்தின் கணக்கில்லாத சர்வர்களில் இறங்கியிருக்கும்.

விஷயம் வெடித்தபோது காலின் இணையத்திலிருந்து சில நாள் ஓய்வில் இருந்தார். திரும்பி வந்தார். ஜியா டான் தொட்டதையெல்லாம் பிரித்துப் பார்த்துச் சுத்தம் செய்தார். 2024 மே மாதக் கடைசியில் 5.6.2 வெளிவந்தது. அதில் என்னென்ன மாற்றம் என்ற பட்டியலில், மற்ற சில்லறைத் திருத்தங்களோடு ஒரு வரியாக, பின்வாசல் அகற்றப்பட்டது என்று எழுதியிருந்தார்.